காரியக் கத்தி

ஆவாரங்குளத்தில் அந்த வருஷம் அப்பன்மார்கள் எல்லாரும் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகத் தங்கள் மகன்களின் மேலுதட்டைப் பார்த்தார்கள், பார்த்த பிறகுதான் பல் விளக்கினார்கள், மீசை இருந்த இடத்தில் இருந்தால் அன்றைக்குக் காப்பி ருசித்தது, மகன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தூங்கினால் அவன் எழுந்திருக்கும் வரை கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து கிடந்தார்கள். மில்லில் பிட்டராக வேலை பார்க்கும் குத்தாலிங்கத்தின் அய்யா சொரிமுத்துவுக்கு எண்பத்து மூன்று வயது, வாயில் பத்தொன்பது பல் மிச்சம், சுவரைப் பிடிக்காமல் கொல்லைக்குப் போய் வருவார், அவரும் மகன் உதட்டைப் பார்த்தார். மற்றவர்களைவிட ஒரு நிமிஷம் கூடுதலாகவே பார்த்தார், ஏனென்றால் கத்தி அவர் வீட்டில்தான் இருந்தது.

கத்தி வந்த விதத்தில் அதிசயம் ஒன்றும் கிடையாது. குத்தாலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயதுவரை பிளேடு போட்டு மழித்து மழித்துக் கழுத்தெல்லாம் கொப்புளம், டாக்டர் களிம்பு கொடுத்தார், களிம்பு தீர்ந்தது, கொப்புளம் தீரவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தள்ளிக்கொண்டே போனவன் கண்ணில், எவனோ ஒரு வெள்ளைக்காரன் பழைய காலத்து மடக்குச் சவரக்கத்தியால் கன்னத்தை வழிப்பது பட்டது, கத்தி தோலில் போகும்போது வந்த சத்தம், காய்ந்த பனையோலையை விரலால் வருடுகிற சத்தம், அவன் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான், மனுஷன் பைத்தியமாகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் பழைய இரும்புக் கடைகளைக் குடைந்து, யாருக்கும் வேண்டாமல் துருவேறிக் கிடந்த சவரக்கத்திகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆறு சேர்த்தான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் துரு எடுத்து, ஆட்டம் கண்ட கைப்பிடிக்குப் புது ஆணி அடித்து, முரட்டுக் கல்லிலிருந்து வழவழப்புக் கல் வரை மூன்று கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் மில்லில் கழித்துப்போட்ட தோல் பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பிடித்து அதில் தீட்டுவான். கல்லில் தேய்க்கும்போது கத்தியின் வாய் முன்னால் போக வேண்டும், தோலில் தீட்டும்போது முதுகு முன்னால் போக வேண்டும், இதை மாற்றிச் செய்து இரண்டு பெல்ட்டை நறுக்கிய பிறகுதான் அவனுக்குப் பிடிபட்டது. கழுத்துக் கொப்புளம் ஒரே மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போனது.

“ஊர்ல உள்ள துருவெல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் வந்து சேரணுமா?” என்றாள் அவன் பெண்டாட்டி ஆவுடையம்மாள். “இதுக்குக் குடிச்சுட்டு வார புருசன் தேவலை. அவன் ஒரு மணி நேரத்துல படுத்துருவான்.”

ஏழாவது கத்தி குளத்தங்கரைக் காரியக் கொட்டகையில் இருந்தது. ஆவாரங்குளத்து வழக்கம் என்னவென்றால், அப்பன் செத்த பதினாறாம் நாள் மகன் அந்தக் கொட்டகையில் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்து மீசையை எடுக்க வேண்டும், அம்மா செத்தால் தலைமுடி, அப்பன் செத்தால் மீசை, அப்பன் உயிரோடு இருக்கிறவரை மகன் மீசையில் கை வைக்கக் கூடாது. அதற்கென்று ஒரு கத்தி கொட்டகையின் மாடக்குழியிலேயே இருந்தது, கெட்டதுக்கு உள்ள கத்தி, அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, கல்யாணத்துக்கோ காது குத்துக்கோ தொடுவதில்லை. பிளேடு மாட்டுகிற கத்திகள் வந்த பிறகு காரியத்துக்கும் அதை எடுக்க ஆளில்லை, இருபது வருஷமாக மாடக்குழியில் பழம்புளி மாதிரி கறுத்துக் கிடந்தது. யாருடைய காரியத்துக்கோ போன குத்தாலிங்கம் அதைப் பார்த்தான். நல்லது கெட்டது எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை, அந்தத் துருவுக்குக் கீழே நல்ல இரும்பு இருக்கிறது என்பது மட்டும்தான் தோன்றியது, எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். எதைப் பார்த்தாலும் ரிப்பேர் பண்ணத் தோன்றுகிறவனுக்கு அதற்கு மேல் யோசனை ஓடாது.

அந்தக் கத்தியோடு அவன் ஒரு மாதம் மல்லுக்கட்டினான். துரு போகப் போக உள்ளே நீலம் பாரித்த இரும்பு தெரிந்தது, எருமைக்கொம்புக் கைப்பிடி தேங்காய் எண்ணெய் குடித்துப் பளபளத்தது, கடைசி நாள் ஆவுடையம்மாளின் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்துப் பிடித்துக் கத்தி வாயில் தொட்டான், தொட்டதும் முடி பாதியாகிக் கீழே விழுந்தது. இப்படி ஒரு வாயை மற்ற ஆறு கத்தியிலும் அவனால் கொண்டுவர முடிந்ததில்லை. அந்தப் பெருமையில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். மறுநாளிலிருந்து அதில்தான் கன்னத்தையும் தாடையையும் வழித்தான், ஒன்றும் ஆகவில்லை, மீசையை மட்டும் தொடவில்லை, அய்யா இருக்கிறாரே.

முதலில் மீசையைக் கொடுத்தவன் மாசானம், குத்தாலிங்கத்தோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன். நரைத்த மீசைக்கு மை அடித்து, மை ஒத்துக்கொள்ளாமல் உதடு வீங்கி, மீசையை எடுத்தால்தான் மருந்து போட முடியும் என்று டாக்டர் சொல்லிவிட, “நம்மகிட்ட கத்தி இருக்கையில நீ ஏம்டே வெளிய போற” என்று குத்தாலிங்கமே கூப்பிட்டு உட்கார வைத்து, வெந்நீர்த் துண்டு போட்டு, நுரை பூசி, மேலுதட்டை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து அந்த ஏழாவது கத்தியால் நான்கே இழுப்பில் எடுத்தான். மில்லில் எல்லாரும் “யாரு தவறிட்டா?” என்று கேட்டார்கள். மாசானத்தின் அப்பா மகனை ஒரு வாரம் திட்டினார், மறு வாரம் திட்டவில்லை, பதினாறாம் நாள் காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கை கழுவ எழுந்தவர் அப்படியே உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார். அடுத்தது லாரி ஓட்டும் ஐயாக்குட்டி, தன் ஆள் தேர்தலில் தோற்றால் பாதி மீசையை எடுத்துக்கிறேன் என்று டீக்கடையில் சவால் விட்டு, ஆள் தோற்று, ஊர் கைதட்டக் குத்தாலிங்கத்தின் முற்றத்தில் பாதியைக் கொடுத்தான், பாதி மீசையோடு எப்படி லோடு ஏற்றுவது என்று மீதியையும் கொடுத்தான். பதினாறாம் நாள் அவன் அப்பா ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன இடத்தில் படுத்துவிட்டார். மூன்றாவது ஆள் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பெண் வேஷம் கட்டுவதற்காக எடுத்தவன். அவன் அப்பாவுக்கும் பதினாறாம் நாள்.

சலூன் வைத்திருந்த முருகையா ஆள் விட்டுக் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டார். கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நாற்காலியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அண்ணாச்சி, கொட்டகை மாடக்குழியில இருந்தத எடுத்தியளா?”

“எடுத்தேன். துருப்பிடிச்சுக் கிடந்துச்சு.”

“எங்கப்பா அதத் தொட்டுட்டு வந்தா குளிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாக. அதுக்கு ஒரு வேலைதான் தெரியும் அண்ணாச்சி. இத்தன காலமும் ஆளு போன பிறவு மீசைய எடுத்துச்சு. நீங்க முதல்ல மீசைய எடுக்க வச்சிட்டிய.” முருகையா குரலைத் தாழ்த்தினார். “எடுத்த மீசைக்கு ஒரு ஆளு வேணும்லா?”

“திரும்பக் கொண்டுபோய் வச்சிருதேன்,” என்றான்.

“கத்திய வைப்பிய. துருவ என்ன செய்விய? தேச்சுக் கொட்டுனத அள்ளி ஒட்டுவியளா?”

திரும்பக் கொண்டுபோய் வைக்கத்தான் கிளம்பினான், குளத்தங்கரை வரைக்கும் போகவும் செய்தான், கத்தியை விரித்துப் பார்த்தான், வெயில் அதன் வாயில் ஒரு கோடாக ஓடியது, ஒரு மாதம் இடுப்பொடிய உட்கார்ந்து கொண்டுவந்த வாய், இதை ஈரக்காற்றில் மறுபடி துருப்பிடிக்க விடுவதா என்று மனசு கேட்கவில்லை. திரும்பிவந்து எண்ணெய்த் துணியில் சுற்றி உளுந்து டப்பாவுக்குள் புதைத்து வைத்தான். அன்றைக்கு அவன் அதை வைத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது, ஊர் ஆச்சரியப்படவில்லை. மழை தள்ளிப்போனதைப் பேசுகிற குரலிலேயே பேசினார்கள், “அப்படியா, பதினாறு நாளா, எடுத்த அன்னைக்கே கணக்கா, மறுநாள்ல இருந்தா?” என்று கேட்டுக்கொண்டார்கள், எடுத்த அன்றைக்கே ஒன்று என்று முடிவானது. பிறகு பயம் வந்தது. மகன்கள் மீசையைக் காடாக வளர்த்தார்கள், பெரிய மீசைக்காரன் அப்பன்மேல் பாசமுள்ளவன் என்று பேராயிற்று, பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் மீசையை மாமனார் இழுத்துப் பார்த்தார், வேறு ஊரில் சாதாரண பிளேடில் எடுத்துவிட்டு வந்த ஒரு கிளார்க்கின் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனவர் இருபது நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

அந்தப் பயம் இரண்டு மாதம் வெறும் பயமாகவே இருந்தது. அதற்குள் தங்கப்பழம் வந்துவிட்டான்.

தங்கப்பழத்தின் அப்பா நாலு வருஷமாகப் படுக்கையில் கிடந்தார், முதுகெல்லாம் புண், அந்தத் தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிடித்ததற்காக வருத்தமும் பட்டார்கள். ஒரு மத்தியானம் தங்கப்பழம் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றான்.

“அண்ணாச்சி, எங்கப்பா படுத பாடு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். அதுக்கு நான் ஆளில்லடே. போயிரு.”

“நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்யா,” என்றாள் அந்த அம்மா. “முகத்த வழிச்சு விடு, அவ்வளவுதான். மத்தத அது பாத்துக்கிடும்.”

குத்தாலிங்கம் நேரில் போய்ப் பார்த்தான். பேச்சு நின்றுபோன கிழவர் அவனைக் கண்டதும் கையைத் தூக்க முடியாமல் தூக்கித் தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினார், மகனைக் காட்டினார், மறுபடி உதட்டைத் தொட்டார். அதற்கு மேல் மாட்டேன் என்று சொல்லக் குத்தாலிங்கத்துக்கு வாய் வரவில்லை. உளுந்து டப்பாவிலிருந்து கத்தியை எடுத்து, தோலில் ஐம்பது தடவை தீட்டி, தங்கப்பழத்தின் மீசையை எடுத்தான். பதினாறாம் நாள் கிழவர் தூக்கத்திலேயே போனார், முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று குளிப்பாட்டியவர்கள் சொன்னார்கள். ஊரே குத்தாலிங்கத்தைக் கும்பிட்டது. அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

அதன் பிறகு வாசலில் ஆள் நின்றுகொண்டே இருந்தது. முதலில் படுக்கையில் கிடந்தவர்களின் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு படுக்கப்போகிறவர்களின் பிள்ளைகள், பிறகு ஞாபகம் தப்பியவர்களின் பிள்ளைகள், பிறகு இருமுகிறவர்களின் பிள்ளைகள். நாள் முன்கூட்டியே தெரிந்ததால் எல்லாம் ஒழுங்காக நடந்தது, பம்பாயிலும் திருப்பூரிலும் இருந்தவர்கள் ரயிலுக்கு டிக்கெட் போட்டார்கள், லீவு எழுதிக் கொடுத்தார்கள், பந்தல்காரன் தேதியைக் குறித்துக்கொண்டான், வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அந்தப் பதினாறு நாளும் கிழவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவது என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று, சொந்தக்காரர்கள் அல்வாவும் கோழிக்குழம்பும் கொண்டுவந்து ஊட்டினார்கள், மகன்கள் அப்பன் காலைப் பிடித்து விட்டார்கள், வாழ்நாளெல்லாம் பேசாத அண்ணன் தம்பி அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது. ஒருவன் அம்மாவுக்காகத் தலையைக் கொடுத்துப் பார்த்தான், கத்திக்கு அந்த வேலை தெரியாது போலிருக்கிறது, அந்த அம்மா இன்றைக்கும் அவனைத் திட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறாள்.

சொரிமுத்து இதையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் கூப்பிடுவார்.

“ஏல, இங்க வா. வெளிச்சத்துல நில்லு.”

குத்தாலிங்கம் போய் நிற்பான்.

“நிக்குதா?”

“நிக்குது அய்யா.”

“கன்னத்த வழிக்கும்போது கை வழுக்கிராமப் பாத்துக்கோ.”

முதலில் அது விளையாட்டாக இருந்தது, ஆவுடையம்மாள்கூடச் சிரித்தாள். ஒருநாள் குத்தாலிங்கம் மீசை நுனியைக் கத்தரிக்கோலால் லேசாக ஒதுக்கிவிட்டு வந்தான், அன்று முழுக்கச் சொரிமுத்து சாப்பிடவில்லை. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வந்துபோகிறவர்கள் “அய்யாவுக்கு எண்பது தாண்டிட்டுல்ல?” என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுக் குத்தாலிங்கத்தின் மீசையைப் பார்ப்பார்கள், பிறகு வேறு எங்கேயோ பார்ப்பார்கள்.

“எனக்கு இன்னும் இருக்கணும்டே,” என்றார் சொரிமுத்து ஒருநாள், கேட்காமலேயே. “வெக்கமாத்தான் இருக்கு. ஆனா இருக்கணும்.”

“இருங்க அய்யா. உங்கள யாரு போகச் சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் நல்லாக் கவனிக்காவ. அதான் பயமா இருக்கு.”

குத்தாலிங்கத்துக்கு அய்யாமேல் உயிர். தாயில்லாமல் வளர்த்த மனுஷன், தானே சோறு வடித்துத் தானே தலை சீவிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவர், அவர் மூச்சு தன் மேலுதட்டில் இருக்கிறது என்பதை அவன் ஒரு நிமிஷமும் மறக்கவில்லை. வழிக்கும்போது மீசைமேல் இடது கையின் நாலு விரலையும் பொத்திக்கொண்டுதான் வழித்தான்.

சித்திரை மாதம் கொம்பையாவின் மகன்கள் இரண்டு பேரும் வந்தார்கள், இருவருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்திருந்தது, அப்பாவுக்கு முடியவில்லை என்றார்கள், குத்தாலிங்கம் கேட்டுக்கொண்டான், என்ன முடியவில்லை என்று கேட்கவில்லை, வரிசையில் இன்னும் ஆள் இருந்தது. மறுநாள் காலையில் மில்லுக்குப் போகிறபோது, டீக்கடை பெஞ்சில் கொம்பையா கையில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, கல்லுக்குண்டாட்டம்.

“வாடே பிட்டரு,” என்றார். “பயலுவ மூஞ்சியப் பாத்தேன். நல்லா வழிச்சிருக்க. ஒரு கீறல் இல்ல.”

குத்தாலிங்கம் அவரை உச்சி முதல் கால் வரை பார்த்தான்.

“இன்னைக்கு ரெண்டாவது நாள்லா?” கொம்பையா சீட்டைக் குலுக்கினார். “பூவரசு ஒண்ணு நட்டிருக்கேன், இப்பதான் தளுத்துருக்கு. பிறவு யாரையாவது தண்ணி ஊத்தச் சொல்லு, என்ன? பயலுவ ஊருக்குப் போயிருவானுவ.”

அன்றோடு குத்தாலிங்கம் நிறுத்தினான். வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினான், சிலர் கெஞ்சினார்கள், சிலர் கோபப்பட்டார்கள், “உங்கய்யா நல்லா இருக்காருன்னு உனக்கு இளக்காரமா?” என்று ஒருவன் கேட்டான். கொம்பையா பதினாறாம் நாள் மத்தியானம் போனார். பூவரசுக்குக் குத்தாலிங்கம்தான் போய்த் தண்ணீர் ஊற்றினான். ஆனாலும் கத்தியை உடைக்க மனம் வரவில்லை, வாரம் ஒருமுறை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து, வெயிலில் அதன் வாயை ஒருதரம் பார்த்துவிட்டு உளுந்துக்குள் புதைத்து வைத்தான். அவன் எடுக்கிறதையும் பார்க்கிறதையும் வைக்கிறதையும் சொரிமுத்து கட்டிலிலிருந்து பார்த்தார்.

வைகாசிக் கொடைக்குக் குத்தாலிங்கத்தின் மகன் பிரசன்னா வந்தான், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, வந்தது ஒன்றரை நாள், அதில் பாதி தூக்கம். அப்பா சேர்த்து வைத்திருந்த ஆறு கத்திகளையும் எடுத்துப் பார்த்தான், ஒவ்வொன்றாக விரித்து மடக்கினான், “சூப்பரா இருக்குப்பா, நானும் கத்துக்கணும்” என்றான். ஏழாவதைப் பற்றி யாரும் அவனிடம் பேசவில்லை. மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது, ஊரில் அது ரேஷன் கடை மாதிரி ஆகிவிட்டிருந்தது, வெளியூரிலிருந்து வந்தவனைக் கூப்பிட்டு வைத்து ரேஷன் கடையைப் பற்றி யார் பேசுவார்கள்.

அவன் கிளம்புகிற அன்று குத்தாலிங்கம் மில்லில் இருந்தான், ஆவுடையம்மாள் முறுக்கு கட்டிக்கொண்டிருந்தாள். சொரிமுத்து எழுந்து போய் உளுந்து டப்பாவில் கையை விட்டார். துணிச் சுருளைப் பேரன் பையில் திணித்தார்.

“என்ன தாத்தா இது?”

“கத்தி. போற வழியில எந்த ஆத்துப் பாலம் வந்தாலும் ஜன்னல் வழியா வீசிரு. உங்கப்பன்கிட்ட சொல்லாத.”

“ஏன்?”

சொரிமுத்து வாயைத் திறந்தார். உன் அப்பன் என்றைக்காவது ஒருநாள் என்னை அனுப்பிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது என்று பேரப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. பெற்ற மகனைப் பற்றி அப்படி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வரவில்லை, வெட்கமாக இருந்தது.

“ரொம்பக் கூரு. என்னைக்காவது கைய அறுத்துக்கிடுவான்,” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் கத்தியைக் காணாமல் குத்தாலிங்கம் அடுக்களையைப் புரட்டிப்போட்டான், உளுந்தைத் தரையில் கொட்டித் தேடினான், ஆவுடையம்மாளைக் கேட்டான், அய்யாவைக் கேட்டான். “போனா போகட்டும்டே” என்றார் சொரிமுத்து. யாரோ ஊர்க்காரன்தான் எடுத்திருப்பான் என்று நினைத்து இரண்டு நாள் தெருவில் எல்லா மேலுதட்டையும் பார்த்தான், எல்லா மீசையும் இருந்தது. மூன்றாம் நாள் நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஊர் கொஞ்சம் முணுமுணுத்தது, பந்தல்காரன் தேதி குறிக்கும் நோட்டை மூடி வைத்தான், அப்பன்மார்கள் ஒவ்வொருவராகக் காலையில் முதலில் பல் விளக்கத் தொடங்கினார்கள். சொரிமுத்துகூட வெளிச்சத்தில் வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார், பக்கத்து வீட்டு மாமரத்தைப் பற்றிச் சண்டை போட்டார். அந்த வீட்டில் அவ்வளவு நிம்மதி வந்து எத்தனையோ மாதமாயிற்று.

ஒரு வியாழக்கிழமை காலை, குத்தாலிங்கம் தோசைக்கு உட்கார்ந்திருந்தபோது பிரசன்னா வீடியோ காலில் வந்தான். அய்யாவும் பார்க்கட்டும் என்று குத்தாலிங்கம் போனை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் ஒரு முகம் சிரித்தது. தாடியில்லை, மீசையில்லை, பத்தாங்கிளாஸ் படித்தபோது இருந்த அதே முகம்.

“எப்படிப்பா இருக்கு?” என்றான் பிரசன்னா. “உங்க கத்திதான். தாத்தா ஆத்துல வீசச் சொன்னாரு, விரிச்சுப் பாத்தேன், இவ்வளவு அழகா பண்ணி வச்சிருக்கீங்க, இதப் போய் யாராவது வீசுவாங்களா? வீடியோ பாத்து நானே கத்துக்கிட்டேன். மீசைகிட்ட கை கொஞ்சம் ஏறிருச்சு, ஒரு பக்கம் போயிருச்சு, சரின்னு முழுசா எடுத்துட்டேன்.”

குத்தாலிங்கம் திரையைப் பார்த்தான். ஐம்பத்திரண்டு வருஷமாக ஒருவருக்கு மகனாக இருந்ததிலேயே அவன் நினைப்பு முழுக்கப் போய்விட்டது, தானும் ஒருவனுக்கு அப்பன் என்பது அந்த நிமிஷம்தான் அவன் புத்தியில் ஏறியது. கோபம் வந்தது, அய்யாமேல், தன்மேல், அந்தக் கத்தி வாயின்மேல், பிறகு கோபத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு பயம் வந்தது, அவனுக்கும் இன்னும் இருக்க வேண்டும் என்று இருந்தது.

“என்னைக்குடே எடுத்த?” என்று கேட்டான். குரல் எப்படியோ சரியாக வந்துவிட்டது.

“போன ஞாயித்துக்கு முந்துன ஞாயித்துக்கிழமைப்பா. அன்னைக்கே காட்டணும்னு நினைச்சேன், ஷிப்ட் மாறிருச்சு, நேரமே இல்ல. பாருங்க, ஒரு கீறல் இல்ல.”

எடுத்த அன்றைக்கே ஒன்று. ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு எட்டு, இன்றைக்குப் பன்னிரண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்.

அடுக்களையில் ஆவுடையம்மாள் தோசையைத் திருப்பிப் போடுகிற சத்தம் கேட்டது. “யாரு, பிரசன்னாவா? சாப்பிட்டானான்னு கேளுங்க,” என்றாள்.

“நல்லா வழிச்சிருக்கடே,” என்றான் குத்தாலிங்கம். “கத்திய ஈரத்தோட மடக்கி வைக்காத. துடைச்சு, எண்ணெய் போட்டு வை. துருப்பிடிச்சிரும்.”

“சரிப்பா.”

“சனிக்கிழமை கிளம்பி வந்துரு. திங்கள், செவ்வாய் லீவு சொல்லிரு. இன்னும் ரெண்டு நாள் சேத்தே சொல்லிரு.”

“இப்பதானப்பா வந்துட்டுப் போனேன். திங்கட்கிழமை என்ன விசேஷம்?”

“வா. வந்து பேசிக்கிடலாம்.”

குத்தாலிங்கம் போனை வைத்தான். சொரிமுத்து மகனின் கையைப் பிடித்தார், “நான் ஆத்துலதாம்டே வீசச் சொன்னேன்” என்றார், “ஏன்னு சொல்லிருக்கணும், சொல்ல வெக்கமா இருந்துச்சுடே” என்றார், பிறகு பழகிய பழக்கத்தில், மகனின் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி மேலுதட்டைப் பார்த்தார். மீசை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.